மூச்சாளின் குரல்

என் பெயர் லிம்பர்ட் வாராச்சி. வயது இருபத்துமூன்று. சொந்த ஊர் ஒரூரோ, எல்லைக்கு அந்தப் பக்கம் மலைமேல் இருக்கும் சுரங்க ஊர். இப்போது இருப்பது புவெனஸ் அயர்ஸில், லினியர்ஸ் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், தோன்யா பசிலியாவின் காய்கறிக் கடைக்கு மேலே ஓர் அறை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீங்கள் எதையும் உங்களோடு வைத்துக்கொள்கிற ஆட்கள் இல்லை, சந்தை முழுக்க அனுப்புவீர்கள். அதனால் தெரியாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

தங்கச்சி நெல்வா, இதை அம்மாவுக்கும் ஃபோர்த்துனாத்தோ மாமாவுக்கும் நீதான் வாசித்துக் காட்ட வேண்டும். கையால் எழுத உட்கார்ந்தால் நாலு வரியில் அழித்துவிடுகிறேன். அதனால் போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. அப்படியே குரலாக அனுப்பித் தொலைக்க வேண்டியதுதானே என்பாய். இன்றைக்கு என் குரலை நீங்கள் கேட்க வேண்டாம். எனக்கே அதைக் கேட்டால் குமட்டுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

அல்மாக்ரோவில் நான் வேலை பார்த்த பதிப்பகத்தைப் பற்றி உங்களிடம் நிறையப் பெருமை பேசியிருக்கிறேன். முதலாளி எசெக்கியேலுக்கு நாற்பது வயது இருக்கும். உலகம் மறந்துபோன நாவல்களைத் தேடிப் பிடித்துத் திரும்ப அச்சடிப்பது அவர் தொழில். எங்காவது ஒரு கிழவர் செத்து, வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றால் அங்குள்ள புத்தகங்களை மொத்தமாக வாங்கிவிடுவார். அவற்றை மூட்டை கட்டிக் கொண்டுவந்து, எது தேறும் எது தேறாது என்று பிரிப்பது நான்.

மார்ச்சில் ஃப்ளோரஸ் பக்கம் அப்படி ஒரு வீடு. குளியலறைத் தொட்டியில் புத்தகங்களைப் போட்டு வைத்திருந்தார்கள். மேலே எலிப் புழுக்கை, அடியில் பூனை மூத்திரம் ஊறி ஒரு அடுக்கே கல்லாகிப் போயிருந்தது. மூக்கைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அதில் ஒன்றின் அட்டைப் படம் என் கையைப் பிடித்து நிறுத்தியது. ஒரு கனவான் சாய்வு நாற்காலியில் படுத்திருக்கிறான். அவன் மூக்கிலிருந்து ஒரு ரப்பர் குழாய் போகிறது. குழாயின் மறுமுனை, மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவனின் வாயில். அவனுக்கு அகலமான மார்பு, குட்டையான கால், காதை மூடுகிற கம்பளித் தொப்பி. நம் ஆள்.

புத்தகத்தின் பெயர் ‘மேகத்துக்கு மேல் குடியிருப்போர் சங்கம்’. எழுதியவர் ஆர்னால்டோ பெல்விசோ. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. எசெக்கியேல் அதைப் பார்த்ததும் கத்திய கத்தலில் பக்கத்து லாண்டரிக்காரி ஓடி வந்தாள்.

“டேய் லிம்பர்ட், நீ மேதைடா! இந்தாளு பேரை நான் ஒரே ஒரு அடிக்குறிப்புல பாத்திருக்கேன். புத்தகமே இல்லன்னு நெனச்சிட்டிருந்தாங்க. எங்கடா கெடச்சுது?”

“பூனை மூத்திரத்துல சார்.”

“சார் கீர் எல்லாம் வேணாம்னு எத்தனை வாட்டி சொல்றது? நான் என்ன மந்திரியா? எசெக்கியேல்னு கூப்பிடு.”

எனக்கு அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. அன்றே அவர் என்னை வாசலில் நிறுத்திப் படம் எடுத்து, ‘இதைக் கண்டுபிடித்தவன்’ என்று எழுதிப் போட்டார். நீங்கள் பார்த்தீர்களே, அந்தப் படம்.

திரும்ப அச்சடிக்கும்போது இங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒருவர் மூலப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பார், காற்புள்ளி முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் சொல்லி. இன்னொருவர் புதிதாகத் தட்டிய தாளைப் பார்த்துக்கொண்டே திருத்துவார். வாசிப்பவர் கதையை முன்கூட்டியே படித்திருக்கக் கூடாது. தெரிந்த கதை என்றால் கண் பிழையைத் தாண்டி ஓடிவிடும். இப்போதெல்லாம் யாரும் அப்படிச் செய்வதில்லை, ஆனால் எசெக்கியேலுக்குப் பழசு என்றால் உயிர். வாசிக்க என்னை உட்கார வைத்தார். திருத்துகிறவள் மிர்த்தா. ஐம்பது வயது, இரண்டு மூக்குக் கண்ணாடி, வாயில் எப்போதும் மாத்தே என்கிற இலைக் கஷாயத்தை உறிஞ்சும் குழல். சந்தேகம் வந்தால் திரும்பக் கேட்க, மேஜை மேல் ஒரு ஒலிப்பதிவுக் கருவி.

கதை இதுதான். எதிர்காலத்தில் புவெனஸ் அயர்ஸ் பணக்காரர்கள் ஏழைகளின் வாடை படாமல் இருக்க மாடிக்கு மேல் மாடி கட்டி மேகத்துக்கு மேலே போய்விடுகிறார்கள். அங்கே காற்று போதவில்லை. உடனே சங்கத்தைக் கூட்டி, மலையிலிருந்து பெரிய நெஞ்சுள்ள ஆட்களை இறக்குமதி செய்யத் தீர்மானம் போடுகிறார்கள். வீட்டுக்கு ஒரு மூச்சாள். எஜமானுக்குப் பதிலாக அவன் மூச்சு விடுவான், குழாய் வழியாக அது எஜமானுக்குப் போகும். எஜமானி தும்மினால் மூச்சாளுக்கு அபராதம். எஜமான் காதலிக்கப் போனால் மூச்சாளும் கட்டிலுக்கடியில் படுக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் மூச்சு அதிகம் செலவாகும்.

நான் சிரித்தேன். மறைக்கவில்லை. சங்கக் கூட்டத்தில் மூச்சாட்களுக்கு மின்தூக்கியில் இடம் கொடுக்கலாமா என்று நாற்பது பக்கம் சண்டை போடுகிறார்கள், கடைசியில் குழாயின் நிறத்தை மட்டும் முடிவு செய்துவிட்டுக் கலைகிறார்கள். இந்த ஊர்க் குடியிருப்புச் சங்கங்களைப் பார்த்தவன் சிரிக்காமல் இருக்க முடியாது. மிர்த்தா மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள்.

மூச்சாட்களில் முக்கியமானவன் பெயர் பொலிகார்ப்பியோ. அவன் பேச்சை நம் ஊர்ப் பேச்சு மாதிரியே பெல்விசோ எழுதியிருந்தார். அதாவது, நம் பேச்சை ஒரு தடவை பேருந்தில் கேட்டவன் எழுதினால் எப்படி இருக்கும், அப்படி. முதல் நாள் அதைக் கல் மாதிரி வாசித்தேன்.

மிர்த்தா தாளைக் கீழே வைத்தாள். “என்னப்பா, பிணத்துக்கு ஜெபம் சொல்றியா? இவன் பேசுறதை மட்டுமாவது முதல்ல ஒருவாட்டி ஆள் மாதிரி பேசிக் காட்டு. அப்புறம் கமா புள்ளியோட சொல்லு. இல்லன்னா நான் தூங்கி விழுந்துருவேன்.”

பேசிக் காட்டினேன். யாரைப் போல என்று கேட்காதீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கடையில் சூடான சோளக் கஞ்சி ஆபி குடிக்க வருவாரே, சுரங்கத்தில் காது போன தோன் செவேரோ, அவரைப் போல. கழுத்தை உள்ளே இழுத்து, சொல்லை மென்று, “மூச்சு விட்டுக்கட்டுங்களா எசமான்?” என்றேன். எசெக்கியேல் உள்ளறையிலிருந்து எழுந்து வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

“இன்னொருவாட்டி,” என்றார்.

இன்னொரு தடவை செய்தேன். அதற்கப்புறம் தினமும். அவர்கள் சிரிக்கச் சிரிக்க நான் இன்னும் மென்றேன், இன்னும் குனிந்தேன். புத்தகத்தில் இல்லாத மூக்கு உறிஞ்சல் ஒன்றைச் சேர்த்தது நான்தான். சாயங்காலம் ரயிலில் வரும்போது எனக்குள் அடுத்த அத்தியாயத்துக்குக் குரல் தேடிக்கொண்டு வருவேன். ஒரு விஷயம் மட்டும் என்னைத் தாங்கியது. கதை எப்படியும் திரும்பும் என்று நினைத்தேன். இவ்வளவு பேரின் மூச்சைக் கையில் வைத்திருக்கிறான், கடைசியில் பொலிகார்ப்பியோ குழாயை ஒரு திருகு திருகுவான், அன்றைக்கு இவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தை நல்ல குரலில் வாசிக்க வேண்டும் என்று ஆசையோடு காத்திருந்தேன்.

ஏழாவது அத்தியாயம் முடிந்ததும் எசெக்கியேல் கேட்டார், “புத்தகம் வர்றதுக்கு முன்னாடி உன் பதிவுலருந்து ஒரு அரை நிமிஷத் துண்டைப் போட்டு ஜனங்களை உசுப்பலாமா? உன் பேரையும் போடுறேன். அப்புறம் உன் குரல்லயே ஒலிப்புத்தகமும் போட்டுடலாம்.” தலையாட்டினேன். அந்தத் துண்டைத்தான் உங்களுக்கு அனுப்பினேன். மின்தூக்கியில் எஜமானியம்மா பொலிகார்ப்பியோவின் வாய்க்கு ஆரஞ்சுப் பூ வாசனை அடிக்கிறாளே, அது. மாமா உடனே பதில் போட்டார்: “மருமவனே, அச்சு அசல் நம்ம செவேரோ! வயிறு வலிக்குதுடா!” அம்மா கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கேட்க வைத்தார். திருவிழாவில் ஆடும் சாத்தான் நடனக் குழுவின் ஒத்திகையில் மாமா ஒலிபெருக்கியில் போட்டார். நீங்கள் கேட்டது அரை நிமிடம். நம் ஊர்க் கோமாளிதான் நம்மைச் சிரிக்க வைக்கிறான் என்று நினைத்துக்கொண்டீர்கள். அந்தக் குழாய்க் கதை உங்களுக்குத் தெரியாது.

பதினொன்றாவது அத்தியாயத்திலிருந்து கதை வேறு மாதிரி ஆகத் தொடங்கியது. நையாண்டி எஜமான்கள் மேல் இருந்தது போய், பக்கம் பக்கமாக மூச்சாட்களின் உடம்பு வந்தது. அவர்கள் பல், அவர்கள் அக்குள், கோகா இலையை மென்று துப்பும் பச்சை எச்சில், பெண்களின் பாவாடை மடிப்பில் ஒட்டியிருக்கும் ஈரம். யாரும் யாரையும் இவ்வளவு கிட்டத்தில் பார்க்க வேண்டியதில்லை. எழுதியவன் ரசித்து எழுதியிருக்கிறான், எலும்பை உறிஞ்சுகிற மாதிரி. வாசிக்கும்போது என் சட்டைக்குள் நானே மோந்து பார்த்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். மோந்து பார்த்தேன்.

கடைசி அத்தியாயம் ஒரு வியாழக்கிழமை. மூச்சாட்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மணி அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூச்சைப் பிடித்தால் தாங்களும் செத்துவிடுவோம் என்று அந்த ஆயிரம் பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லையாம். ஒவ்வொருவனாக நீலம் பாரித்துச் சரிகிறான். எஜமான்கள் சலித்துக்கொண்டு குழாயைப் பிடுங்கிவிட்டு ஜன்னலைத் திறக்கிறார்கள். வெளியே நல்ல காற்று. எப்போதும் இருந்திருக்கிறது. இத்தனை காலம் இவர்கள் தேவையே இல்லை. சங்கத்தின் கடைசித் தீர்மானம், நாற்றம் போக மாடிகளைக் கழுவுவது பற்றி.

முற்றுப்புள்ளி, முற்றும் என்று சொல்லி முடித்தேன். மிர்த்தா கண்ணாடியைக் கழற்றினாள்.

“கெட்டிக்காரப் பய,” என்றாள். “எப்படி முடிச்சிருக்கான் பாத்தியா? பணக்காரனோட பயமே வெத்துன்னு ஒரே அடியில சொல்லிட்டான்.”

“பணக்காரனுக்கு ஒண்ணும் ஆகலையே,” என்றேன். “செத்தது இவங்கதானே?”

“அதாம்ப்பா நையாண்டி.” அவள் உறிஞ்சிக்கொண்டிருந்த மாத்தேயில் தண்ணீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள். நான்கு மாதமாக ஒரே குழலில் மாறி மாறிக் குடிக்கிறோம். அன்றைக்கு அந்தக் குழலின் முனையில் அவள் எச்சில் பளபளப்பதைப் பார்த்தேன். அதை வாயில் வைக்க முடியவில்லை. கழிப்பறைக்குப் போய் மதியம் தின்றதை எல்லாம் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது, “சாப்பாடு ஒத்துக்கல போல, உங்க தெருக் கடைல அந்த பன்னித் தோலைத் திங்காதன்னு சொன்னேன்ல?” என்றாள்.

அப்போதாவது ஏதாவது சொன்னேனா? இல்லை. ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன். நிரந்தர வேலை, சான்றிதழ், எல்லாம் அடுத்த மாதம் என்று எசெக்கியேல் சொல்லியிருந்தார். புத்தகத்தை யார் வாசிக்கப் போகிறார்கள், முந்நூறு பேர், அவர்களும் கண்ணாடி போட்டவர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கீழே தோன்யா பசிலியா வேர்க்கடலை சூப் வைத்திருந்தார். கடையை அடைத்துவிட்டு அவரும் நானும் உட்கார்ந்தோம். கிண்ணத்தை என்னிடம் தள்ளிவிட்டு, அவர் சாப்பிடவில்லை.

“மவனே, நீ படிச்ச புள்ள, கேக்குறேன். ஒரு வாரமா கடைக்கு வர்றவனுங்க எல்லாம் ஒண்ணைச் சொல்லிட்டுச் சிரிக்கிறானுங்க. தக்காளி கேட்டு வர்றான், நான் எடைபோடக் குனியிறேன், ‘மூச்சு விட்டுக்கட்டுங்களா எசமான்’ங்கிறான். நேத்து ஒருத்தி வாசனைத் தண்ணியை எடுத்து என் மூஞ்சிலயே அடிச்சா. விளையாட்டாம். என்னா அது?”

கரண்டியால் சூப்பைக் கிளறினேன். “என்னமோ போன்ல வர்ற துண்டு, தோன்யா.”

“அந்த லாரிக்காரப் பய போட்டுக் காட்டினான். பேசுறவன் இந்த ஊர்க்காரன் இல்ல. இவனுங்களுக்கு அந்த ‘ச’ வாயில வராது. நம்ம ஆளு. ஒரூரோ பக்கம். எந்த ஆத்தா பெத்த நாயோ, தெரிஞ்சா வாயில சலவை சோப்பைத் திணிப்பேன்.” பிறகு என்னைப் பார்த்து, “சாப்பிடு, ஆறுது,” என்றார்.

சாப்பிட்டேன். முழுக் கிண்ணத்தையும். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை எசெக்கியேல் ஒரு கையில் வெண்ணெய் ரொட்டியோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தத் துண்டை மூன்று லட்சம் பேர் கேட்டிருக்கிறார்கள் என்று திரையைக் காட்டினார். உதட்டில் வெண்ணெய் மினுங்கியது.

“அதை எடுத்துருங்க சார்,” என்றேன்.

“எதை?”

“என் குரலை. துண்டையும், ஒலிப்புத்தகம் போடப் போறேன்னீங்களே, அதையும்.”

ரொட்டியைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தார்.

“லிம்பர்ட், கேளு. இந்தப் புத்தகம் யாரைக் கிண்டல் பண்ணுது? என் தாத்தாவை. என் மாமியாரை. என்னை! நான் சிரிச்சிட்டுப் போறேன், உனக்கு என்னடா?”

“சந்தையில நான் குடியிருக்கிற வீட்டுக்கார அம்மா மூஞ்சில வாசனைத் தண்ணி அடிச்சிருக்காங்க.”

“அது முட்டாள் ஜனம். அதுக்குப் பெல்விசோ என்ன பண்ணுவான்? அறுபது வருஷத்துக்கு முன்னாடியே இந்த முட்டாள்களைப் பத்தித்தானே எழுதியிருக்கான்!”

“அவங்களைப் பத்தி எழுதினது நாப்பது பக்கம் சார். எங்களைப் பத்தித்தான் மீதி.”

உள்ளேயிருந்து மிர்த்தாவின் குரல் வந்தது. “அடேயப்பா, விமர்சகர் ஆயிட்டாருடா!”

எசெக்கியேல் சிரிக்கவில்லை. “சரி, உனக்கு மனசு உறுத்துதுன்னா உன் பேரை எடுத்துடறேன்.”

“பேர் இல்ல. குரல்.”

“குரலை எடுத்தா என்ன ஆகும்னு நெனக்கிறே? ஒரு நடிகனைக் கூப்பிடணும். ஏற்கெனவே ஒருத்தன் கேட்டுட்டிருக்கான், உன் பதிவை அனுப்பியிருக்கேன். அவன் உன்னை மாதிரியே பேசுவான். உன்னைவிட நல்லாவே பேசுவான். நீயா இருந்தா ஒரு நியாயம் இருக்கு, உங்க ஆளே பேசுறான்னு சொல்லலாம். யோசி.”

அப்போதுதான் புரிந்தது. என் பெயரும் என் மார்பும் அவருக்கு எதற்கு என்று. நான் அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பதுதான் அந்தப் புத்தகத்துக்கு அவர் வாங்கி வைத்திருக்கும் நற்சான்றிதழ். ‘அவர்களே சிரிக்கிறார்கள் பாருங்கள்.’ பூனை மூத்திரத்திலிருந்து அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்தவன் நான். மூக்கு உறிஞ்சலைச் சேர்த்தவனும் நான். அந்த நடிகன் அதையும் கற்றுக்கொள்வான்.

“எடுத்துருங்க,” என்றேன் மறுபடி. “அந்த நடிகன் பேசினா அது அவன் பாவம்.”

“அப்படின்னா இங்க உனக்கு என்ன வேலை இருக்குன்னு எனக்குத் தெரியல,” என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

நான் பையை எடுத்துக்கொண்டேன். நான் கேட்டபடி என் பதிவை அன்றே எடுத்துவிட்டார், அதில் நேர்மையானவர். ஆனால் கேட்டவர்கள் இறக்கி வைத்துக்கொண்டதை யார் எடுப்பது?

வீட்டுக்கு வந்து நேராகக் கடைக்குள் போனேன். தோன்யா பசிலியா கேரட்டின் தழையை அறுத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அது நான்தான் என்று.

கத்தி நின்றது. சோப்புக்குப் போவார் என்று நினைத்தேன், போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பேசிக் காட்டு,” என்றார்.

“தோன்யா...”

“இங்க நில்லு. என் மூஞ்சியப் பாத்து, அந்த ஆபீசுல பேசினியே, அதே மாதிரி பேசிக் காட்டு.”

வாயைத் திறந்தேன். கழுத்து உள்ளே போகவில்லை. நாக்கு அசையவில்லை. எச்சில் மட்டும் ஊறியது.

“அங்க வந்துச்சு, இங்க வரல. அதானே?” என்றார். கேரட்டைத் திரும்ப எடுத்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார். “உங்க ஆத்தாகிட்ட சொல்லிட்டியா?”

“அவங்கதான் ஊர் பூரா அனுப்பிட்டிருக்காங்க. பெருமையா.”

“அப்ப இங்க வந்து என்னடா நிக்கிற? முதல்ல அங்க துடை. இவனுங்க சிரிக்கிறது இவனுங்க புத்தி. நம்ம ஊர்ல நாமளே போட்டுச் சிரிச்சா அதை எவன் கழுவுறது?”

கூடவே, “நாளைக்கு அஞ்சு மணிக்கு மொத்தச் சந்தைக்கு வண்டி போகுது, கூட ஏறிக்கோ, சும்மா உக்காராத,” என்றார். ராத்திரி சூப் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மாமா, செவேரோவுக்கு அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினீர்களா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. காட்டியிருந்தால், அவருக்குக் கேட்கும்படி அவர் காதுக்குப் பக்கத்தில் போய் உண்மையைச் சொல்லுங்கள், நான் அவரைத்தான் விற்றேன் என்று. அம்மா அழ வேண்டாம். வேலை வேறு கிடைக்கும்.

இதை வாசிக்கிற யாராக இருந்தாலும் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் போனில் அந்த அரை நிமிடம் இருந்தால், இன்னொரு தடவை கேட்காமல் அழித்துவிடுங்கள். யாருக்கு அனுப்பினீர்களோ, அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள்.